பள்ளிச் சிப்பந்திகளும் சம்பளப் படிகளும்

ரசாயனம் பயிலும் மாணவன் ஒவ்வொருவனும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. திராவகத்தைத் தண்ணீரில் ஊற்றலாம். தண்ணீரைத் திராவகத்தில் ஊற்றலாகாது. ஊற்றினால் கொதித்துச் சிதறி முகத்தைச் சுட்டுவிடும். இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தவர் ஆசிரியர் அல்லர், ஆய்வுக்கூடத்து அட்டெண்டர்.

என் தந்தையார் உத்தியோக நிமித்தம் வடக்கே குடியேறியவர். நான் படித்த பள்ளி இந்தி வழங்கும் ஒரு சிற்றூரில் இருந்தது. அந்த அட்டெண்டரை மாணவர்களாகிய நாங்கள் 'சாச்சா' என்றே அழைப்போம். நம் வீட்டு மொழியில் சித்தப்பா. பதினோராம் வகுப்பில் ஒரு நாள், ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தபோது, கந்தகத் திராவகம் இருந்த முகவையில் தண்ணீரைச் சாய்க்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டை இறுகப் பற்றியது. "உல்டா, பேட்டா" என்றார் சாச்சா. 'தலைகீழாகச் செய்கிறாய், மகனே' என்பது பொருள். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆசிரியரிடமும் சொல்லவில்லை.

அவர் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றதாகக் கேள்விப்பட்டேன். எந்தப் பதவியில் சேர்ந்தாரோ அந்தப் பதவியிலேயே ஓய்வு பெற்றார். அவருடைய பதவிக்கு ஒப்பான பதவி மத்திய அரசாங்கப் பள்ளிகளில் எந்தச் சம்பளப் படியில் இருக்கிறது என்று பார்த்தேன். முதற் படியில் இருக்கிறது. அதற்குக் கீழே படி கிடையாது.

இது நியாயமா, அநியாயமா என்று உடனே தீர்ப்புக் கூற நான் வரவில்லை. ஒரு வேலைக்கு இன்ன மதிப்பு என்று யார் சொல்கிறார்கள்? எந்த அளவுகோலைக் கொண்டு சொல்கிறார்கள்? அந்த அளவுகோல் சரியானதா என்று எப்படிச் சோதிப்பது? அளவை என்பதே உயிர்நாடியாக உள்ள துறையில் பயிலும் மாணவன் இந்தக் கேள்விகளைக் கேட்பது இயல்பே அன்றோ? மேலும் இது காலத்துக்கேற்ற கேள்வி. 2025 நவம்பரில் மத்திய அரசாங்கம் எட்டாவது சம்பளக் கமிஷனை அமைத்தது. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அதன் தலைவர். அறிக்கை தரப் பதினெட்டு மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. நம்மில் பலர் நாளை ஆசிரியராகவும் அதிகாரியாகவும் போகப் போகிறவர்கள். ஆகவே இதைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நலம்.

சட்டத்தில் இல்லாத மனிதர்கள்

பள்ளிக்கூடம் என்றால் நமக்கு நினைவு வருவது ஆசிரியரும் மாணவரும். ஆனால் காலையில் கதவைத் திறப்பவர் யார்? மணியடிப்பவர் யார்? தண்ணீர்த் தொட்டியையும் கழிப்பறையையும் கழுவுபவர் யார்? நண்பகலில் நூறு குழந்தைகளுக்குச் சோறு வடிப்பவர் யார்? மாற்றுச் சான்றிதழ் எழுதும் குமாஸ்தா, நூலகத்தில் புத்தகம் எடுத்துத் தருபவர், இரவில் காவல் இருப்பவர், விடுதியில் பாத்திரம் தேய்ப்பவர், ஆய்வுக்கூட அட்டெண்டர் ஆகிய இவர்கள் அனைவரும் பள்ளியைச் சேர்ந்தவர்களே. அலுவலக மொழியில் இவர்களுக்கு 'ஆசிரியரல்லாத பணியாளர்' என்று பெயர். என்னவாக இல்லையோ அதைக் கொண்டே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் பழைய சொல்லையே ஆண்டு 'சிப்பந்திகள்' என்கிறேன்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் இறுதியில் ஓர் அட்டவணை உண்டு. ஒரு பள்ளிக்கு இருக்கவேண்டிய குறைந்தபட்சத் தேவைகளை அது வரிசைப்படுத்துகிறது. 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர், ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிதண்ணீர், மதிய உணவு சமைக்க ஒரு சமையலறை, நூலகம், விளையாட்டுச் சாமான், முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220 வேலை நாள். நல்ல அட்டவணைதான். ஆனால் கழிப்பறையைக் கழுவ ஓர் ஆள் வேண்டும் என்று அதில் இல்லை. சமையலறை உண்டு, சமைப்பவர் இல்லை. நூலகம் உண்டு, அதைப் பார்த்துக்கொள்பவர் இல்லை. கட்டடத்தை எண்ணியவர்கள் அதைக் காப்பவரை எண்ண மறந்துவிட்டார்கள்.

இதன் விளைவு என்ன? ஆள் இல்லாத இடத்தில் வேலை நின்றுவிடுவதில்லை. அந்த வேலை வேறொருவர் தலையில் விழுகிறது. சில இடங்களில் ஆசிரியர் செய்கிறார். சில இடங்களில் குழந்தைகள் துடைப்பம் எடுக்கிறார்கள். எந்தக் குழந்தைகளின் கையில் அது முதலில் கொடுக்கப்படுகிறது என்று நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டில் சாதி என்ன செய்யும் என்பதை நாம் அறிவோம்.

கமிஷன்களின் கதை

பதவியை உண்டாக்கி அதற்குச் சம்பளம் வகுப்பது எப்படி என்று இனிப் பார்ப்போம். மத்திய அரசாங்கத்தில் இதுவரை ஏழு சம்பளக் கமிஷன்கள் அறிக்கை தந்திருக்கின்றன. மாநில அரசாங்கங்கள் தனித்தனியே தம் சம்பள விகிதங்களை வகுத்துக்கொண்டாலும், பெரும்பாலும் மத்தியக் கமிஷனைப் பார்த்தே வகுக்கின்றன. எனவே அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது போதும்.

முதற் கமிஷனின் தலைவர் சென்னையில் வழக்கறிஞராக விளங்கிய சர். சீனிவாச வரதாச்சாரியார். 1947இல் வந்த அதன் அறிக்கை, கடைநிலைச் சிப்பந்தி ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் ரூ. 30, பஞ்சப்படி ரூ. 25, ஆக மொத்தம் ரூ. 55 என்று வகுத்தது. 1959இல் இரண்டாவது கமிஷன் அதை ரூ. 80 ஆக்கியது. மூன்றாவது கமிஷன் 1973இல் ரூ. 185 என்று சொல்ல, அரசாங்கம் ரூ. 196 கொடுத்தது. நான்காவது கமிஷன் 1986இல் ரூ. 750 என்றது. ஐந்தாவது கமிஷனுக்குத் தலைவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த நீதிபதி இரத்தினவேல் பாண்டியன். 1997இல் வந்த அந்த அறிக்கைக்குப் பின் குறைந்தபட்சம் ரூ. 2,550 ஆயிற்று. ஆறாவது கமிஷனுக்குப் பின் 2006 முதல் ரூ. 7,000. ஏழாவதற்குப் பின் 2016 ஜனவரி முதல் ரூ. 18,000.

இந்த எண்களைப் பார்த்தவுடன் ஏதோ பெரிய உயர்வு என்று மயங்கலாகாது. விலைவாசியும் உடன் ஓடி வந்திருக்கிறது. எனினும் எண்களுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது நம்மவர்க்குச் சுவையானது.

நீலகிரியில் குன்னூரில் ஓர் உணவு ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. 1935 முதல் 1945 வரை அதன் இயக்குநராக இருந்தவர் டாக்டர் அய்க்ராய்டு என்ற விஞ்ஞானி. நடுத்தர உழைப்புச் செய்யும் வயதுவந்த இந்தியர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 2,700 கலோரி உணவு வேண்டும் என்பது அவருடைய கணக்கு. 1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு இதை அடிப்படையாகக் கொண்டது. உழைப்பவர் ஒருவர் சம்பாதித்துக் குடும்பத்தில் மூன்று 'உண்ணும் அலகுகளை'க் காப்பாற்ற வேண்டும், ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, விறகு, விளக்கு முதலிய சில்லறைச் செலவுக்கு மொத்தத்தில் நூற்றுக்கு இருபது. இவற்றைக் கூட்டினால் வருவதே ஒரு மனிதன் மனிதனாக வாழத் தேவையான குறைந்தபட்சக் கூலி. 1991இல் சுப்ரீம் கோர்ட்டு, பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், முதுமை போன்றவற்றுக்காக மேலும் நூற்றுக்கு இருபத்தைந்து சேர்க்கவேண்டும் என்றது. ஏழாவது கமிஷன் இம்முறையையே சில மாற்றங்களுடன் கையாண்டு ரூ. 18,000 என்ற எண்ணுக்கு வந்தது.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கு, வேலையை அளக்கும் கணக்கு அன்று. வயிற்றை அளக்கும் கணக்கு. ஒரு மனிதன் உயிர்வாழ என்ன வேண்டும் என்று இது சொல்லும். அவன் செய்யும் வேலை என்ன பெறும் என்று சொல்லாது. தரை எங்கே என்பது இதனால் விளங்கும். தரைக்கு மேல் யார் எத்தனை படி உயரத்தில் நிற்கவேண்டும் என்பது வேறு ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சிதான் சிப்பந்திகள் விஷயத்தில் சரியாக நடைபெறவில்லை என்பது என் எண்ணம்.

படிக்கட்டைப் பார்ப்போம்

ஏழாவது கமிஷன் எல்லாச் சம்பளங்களையும் ஒரே பெரிய கட்டத்தில் அடக்கியது. குறுக்கே 18 நிலைகள். நெடுக்கே ஆண்டு உயர்வுகள். ஒரு கட்டத்திலிருந்து கீழ்க்கட்டத்துக்கு வரும்போது சம்பளம் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று உயரும். முதல் நிலையின் தொடக்கம் ரூ. 18,000, உச்சியில் உள்ள மந்திரிசபைச் செயலாளருக்கு ரூ. 2,50,000. இரண்டுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ பதினான்கு மடங்கு. இவை அடிப்படைச் சம்பளம்; அகவிலைப்படி முதலியன தனி.

நவோதயா வித்யாலயங்களை உதாரணமாகக் கொள்வோம். அவை ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாணவர் தங்கிப் படிக்கும் மத்திய அரசாங்கப் பள்ளிகள். மும்மொழிப் பிரச்சினை காரணமாக நம் தமிழ்நாட்டில் அவை திறக்கப்படவில்லை. ஆனால் வட நாட்டில் வளர்ந்த நம் சங்கத்து நண்பர்கள் சிலர் அவற்றில் படித்தவர்கள். தங்கிப் படிக்கும் பள்ளியாதலால் அங்கே எல்லாவகைச் சிப்பந்திகளும் உண்டு. 2024இல் வெளியான ஆள்சேர்ப்பு விளம்பரப்படி அங்குள்ள படிகள் இவை. பொதுப்பணிச் சிப்பந்தி முதல் நிலை. சமையற்கூட உதவியாளர் முதல் நிலை. ஆய்வுக்கூட அட்டெண்டரும் முதல் நிலை. குமாஸ்தாவும், மின்சார வேலையும் குழாய் வேலையும் பார்ப்பவரும் இரண்டாம் நிலை, ரூ. 19,900. உணவு மேற்பார்வையாளர் நான்காம் நிலை, ரூ. 25,500. செவிலியர் ஏழாம் நிலை, ரூ. 44,900. பட்டதாரி ஆசிரியரும் அதே ஏழாம் நிலை.

இப்பொழுது தகுதியைப் பார்ப்போம். பொதுப்பணிச் சிப்பந்திக்குப் பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். ஆய்வுக்கூட அட்டெண்டருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு விஞ்ஞானப் பிரிவு, அல்லது பத்தாம் வகுப்போடு ஆய்வுக்கூடப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். கேட்கும் தகுதி இரண்டு. கொடுக்கும் படி ஒன்று. அதிகமாகக் கேட்டுவிட்டு அதே விலை கொடுப்பதைக் கடைத்தெருவில் நாம் ஏற்றுக்கொள்வோமா?

அடுத்தது ஆண்டு உயர்வு. நூற்றுக்கு மூன்று என்பது எல்லோருக்கும் சமம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நிலையில் ரூ. 18,000இல் சேர்ந்தவர் பத்து உயர்வுகளுக்குப் பின் ரூ. 24,200 பெறுகிறார். ஏழாம் நிலையில் ரூ. 44,900இல் சேர்ந்தவர் பத்து உயர்வுகளுக்குப் பின் ரூ. 60,400 பெறுகிறார். தொடக்கத்தில் இருவருக்கும் இடைவெளி ரூ. 26,900; பத்தாண்டு கழித்து ரூ. 36,200. விகிதம் மாறவில்லை, இடைவெளி வளர்ந்துவிட்டது. அரிசிக் கடையில் விகிதத்தைக் கொடுத்து அரிசி வாங்க முடியாது. ரூபாயைக் கொடுத்துத்தான் வாங்கவேண்டும். ஆகவே தொடக்கப் படியை எங்கே வைக்கிறோம் என்பது ஒருவருடைய வாழ்நாள் முழுவதையும் தீர்மானிக்கிறது. ஒரு படி தவறாக வைக்கப்பட்டால் முப்பது ஆண்டுகளுக்கு அந்தத் தவறு வட்டியோடு வளரும்.

பதவி உயர்வுக்கு வழி இல்லாதவர்களுக்காக 2008 முதல் ஒரு திட்டம் உண்டு. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் பணி செய்தவருக்குச் சம்பளம் மட்டும் அடுத்த நிலைக்கு உயரும். நல்ல திட்டம். ஆனால் பதவி அதுவே, வேலை அதுவே, அதிகாரமும் அதுவே. முப்பது ஆண்டு அனுபவம் பெற்ற அட்டெண்டர், நேற்று வந்தவர் செய்யும் வேலையையே செய்கிறார். அவர் அறிவைப் பயன்படுத்திக்கொள்ள ஒரு மேல்பதவி இல்லை.

ஒரே பெயரில் பல வேலைகள்

ஆறாவது கமிஷன் 2008இல் துணிச்சலான ஒரு காரியம் செய்தது. அதுவரை 'டி' பிரிவு என்று ஒரு கடைசிப் பிரிவு இருந்தது. பியூன், தப்தரி, ஜமேதார், பராஷ், சௌக்கிதார், தோட்டக்காரர், துப்புரவாளர் என்று அதில் தனித்தனிப் பதவிகள். கமிஷன் அந்தப் பிரிவையே எடுத்துவிடச் சொல்லி, இவர்களையெல்லாம் பல்பணிச் சிப்பந்தி என்ற ஒரே பெயரின்கீழ் 'சி' பிரிவில் சேர்த்தது. பழையவர்களில் பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து மேலே கொண்டுவரவும் வழி செய்தது.

இதன் நன்மையை மறுக்க முடியாது. கோப்பு எடுத்துக் கொடுப்பவர் ஒரு சாதி, கழிப்பறை கழுவுபவர் ஒரு சாதி என்று பதவியிலேயே எழுதி வைத்திருந்த வேற்றுமை, காகிதத்திலாவது அழிந்தது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. எல்லா வேலைக்கும் ஒரே பெயர் வைத்தவுடன், எந்த வேலையில் என்ன திறமை இருக்கிறது என்று ஆராய்வதும் நின்றுவிட்டது. 'பல்பணி' என்பது எந்தப் பணியையும் சொல்லாத பெயர். எந்த வேலையையும் யாரிடமும் சொல்லலாம் என்று மேலதிகாரிகள் அதற்குப் பொருள்கொள்ளவும் இடம் ஏற்பட்டது.

படிக்கட்டுக்கு வெளியே

இதுவரை சொன்னது படிக்கட்டில் நிற்பவர்கள் கதை. படிக்கட்டுக்கு வெளியே நிற்பவர்களின் தொகையே பெரிது. நாடு முழுவதும் பள்ளிகளில் மதிய உணவு சமைப்பவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். பெரும்பாலோர் பெண்கள். 25 குழந்தைகள் வரை ஒருவர், 100 வரை இருவர், அதற்குமேல் ஒவ்வொரு நூறு பேருக்கும் இன்னொருவர் என்பது விதி. இவர்களுக்குக் கொடுப்பது சம்பளம் அன்று, 'மதிப்பூதியம்'. மத்தியத் திட்டத்தில் 2009 டிசம்பர் 1 முதல் அது மாதம் ரூ. 1,000; ஆண்டில் பத்து மாதம் மட்டும். 2024 முடிய, பதினைந்து ஆண்டுகளில், அந்த எண் மாறவில்லை. ஆண்டுக்கு ரூ. 10,000, 200 வேலை நாளுக்கு வகுத்தால் நாள் ஒன்றுக்கு ரூ. 50. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்களே, அது இதுதான். பல மாநிலங்கள் தம் பணத்திலிருந்து மேலும் சேர்த்துக் கொடுக்கின்றன. கொடுக்காத மாநிலத்தில் பிறந்தது அந்தப் பெண்களின் குற்றமா?

இந்த விஷயத்தில் நம் தமிழ்நாடு ஒருபடி முன்னே நிற்கிறது. 1956இல் காமராசர் காலத்தில் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் விரிவாக்கப்பட்ட திட்டம் அது. சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பதவிகளை வகுத்து, அவர்களுக்குச் சிறப்புக் காலமுறைச் சம்பளம் என்ற விகிதத்தை அங்கே ஏற்படுத்தினார்கள். முழுக் காலமுறைச் சம்பளம் வேண்டும் என்று அவர்கள் போராடி வந்திருக்கிறார்கள்; குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மதிப்பூதியம் என்ற சொல்லிலிருந்து சம்பளம் என்ற சொல்லுக்கு வருவதே ஒரு பெரிய பயணம். முன்னது தயவு, பின்னது உரிமை.

ஒப்பந்தச் சிப்பந்திகள் இன்னொரு கூட்டம். காவல், துப்புரவு, தோட்டவேலை ஆகியவற்றை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுவது இன்று பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. அவர்கள் பெயர் பள்ளியின் எந்தப் பட்டியலிலும் வராது.

நீதிமன்றங்கள் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியல் சட்டத்தின் 39ஆம் பிரிவில் ஒரு வழிகாட்டி நெறியாக உள்ளது. அதற்கு உயிர் கொடுத்த வழக்கு 1982ஆம் ஆண்டு ரண்தீர் சிங் வழக்கு. வழக்குத் தொடுத்தவர் டில்லிப் போலீசில் வண்டி ஓட்டிய ஒரு சாதாரணக் கான்ஸ்டபிள். மற்ற இலாகாக்களில் வண்டி ஓட்டுபவருக்கு அதிகச் சம்பளம் இருக்கிறதே, எனக்கு மட்டும் ஏன் குறைவு என்று கேட்டார், வென்றார். 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கும் அந்தச் சம்பள விகிதத்தின் குறைந்தபட்சத்தைக் கொடுக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆனால் 'அதே வேலை' என்று காட்ட, அதே வேலையைச் செய்யும் நிரந்தரப் பணியாளர் ஒருவர் வேண்டும். நிரந்தரப் பதவியையே எடுத்துவிட்டால் யாரோடு ஒப்பிடுவது?

வேலையை அளப்பது எப்படி?

குறை சொல்வது எளிது, வழி என்ன? வேலையை மதிப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. பல நாடுகளில் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் அதைக் கையாளுகிறார்கள். அதன் உட்கருத்து எளியது. ஆளை மதிப்பிடாதே, வேலையை மதிப்பிடு. பதவியின் பெயரைப் பார்க்காதே, அதில் உண்மையில் நடப்பதைப் பார்.

முதலில், அந்தப் பதவியில் இருப்பவர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார் என்பதை அவரையே கேட்டு எழுத வேண்டும். விதிப்புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது பிறகு. அடுத்து, அந்த வேலையை நான்கு கோணங்களில் நிறுக்க வேண்டும். என்ன அறிவும் திறமையும் தேவை? உடலாலும் மனத்தாலும் எவ்வளவு உழைப்பு? தவறினால் யாருக்கு என்ன தீங்கு, அதாவது எவ்வளவு பொறுப்பு? எத்தகைய சூழலில் வேலை? ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் இட்டு, எல்லோரும் ஒப்புக்கொண்ட சில பதவிகளோடு ஒப்பிட்டு, அதன்பின் படியில் வைக்க வேண்டும். இறுதியாக, 'எனக்கு இட்ட புள்ளி தவறு' என்று முறையிட வழி இருக்க வேண்டும்.

எங்கள் சாச்சாவின் வேலையை இப்படி நிறுத்துப் பார்த்தேன். திராவகங்களை உரிய அளவில் நீர்த்துப்போகச் செய்வார். சோடியத்தை மண்ணெண்ணெயில் வைத்துக் காப்பார். பியூரெட்டில் கசிவு பார்ப்பார். எந்த உப்பு எந்தப் புட்டியில் என்று மனப்பாடமாக அறிவார். இது அறிவு. நாற்பது மாணவர் ஒரே நேரத்தில் நெருப்பும் திராவகமும் வைத்து வேலை செய்யும்போது இருப்பது இரண்டு பெரியவர்கள்; ஒருவர் ஆசிரியர், மற்றவர் இவர். இது பொறுப்பு. நாள் முழுதும் ஹைட்ரஜன் சல்பைடு நாற்றமும் திராவகப் புகையும். இது சூழல். இவ்வளவையும் கூட்டினால், கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையோடு ஒரே படியில் இது நிற்குமா? கடிதம் கொடுப்பவரைத் தாழ்த்திச் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

சமைப்பவரின் பொறுப்பைப் பற்றி ஒரு துயரச் செய்தி போதும். 2013 ஜூலையில் பீகாரில் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் என்ற சிற்றூர்ப் பள்ளியில், பூச்சிமருந்து கலந்துவிட்ட மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டனர். எண்ணெயின் வாடை சரியில்லை என்று சமைத்த பெண் சொன்னதாகவும், அது கேட்கப்படவில்லை என்றும் செய்திகள் கூறின. ஆபத்தை முதலில் மோப்பம் பிடித்தவர் அவர். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மட்டும் அவருக்கு இல்லை. சம்பளப் படி என்பது பணம் மட்டும் அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? படி தாழ்ந்தால் சொல்லும் தாழ்ந்துவிடுகிறது.

தராசின் பிழைகள்

எந்தத் தராசிலும் பிழை உண்டு. தட்டில் ஒன்றும் வைக்காதபோதே முள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அந்தத் தராசில் எத்தனை கவனமாக நிறுத்தாலும் பயனில்லை. வேலையை மதிப்பிடும் தராசில் இத்தகைய சாய்வுகள் மூன்று.

முதலாவது பெண்கள் செய்யும் வேலையைக் குறித்தது. சமைப்பதும் குழந்தையைக் கவனிப்பதும் பெண்ணுக்குப் பிறவியிலேயே வரும். அதற்குத் திறமை என்ன என்று கேட்கும் மனம். வீட்டில் நால்வருக்குச் சமைப்பதும் பள்ளியில் நூறு பேருக்கு நேரம் தவறாமல் சமைப்பதும் ஒன்றா? விடுதிச் சாப்பாட்டைத் தினமும் குறை சொல்லும் நாம் இதை அறிவோம்.

இரண்டாவது சாதி. துப்புரவு வேலையில் அறிவு இல்லை, ஆபத்து இல்லை என்று எண்ணுவது அந்த வேலையைப் பார்த்து அன்று. அதை வழிவழியாகச் செய்யவைக்கப்பட்டவர்களைப் பார்த்து. அவர்கள் கைபட்ட சோற்றை உண்ணமாட்டோம் என்பவர்களும் இந்த நாட்டில் உண்டு. மதிய உணவு சமைப்பவர் நியமனத்தில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் முதலிடம் கொடுக்க வேண்டும் என்று 2004 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட நேர்ந்ததே அதற்குச் சான்று.

மூன்றாவது சாய்வு படித்த நம்மைச் சேர்ந்தது. சான்றிதழை மட்டுமே அறிவு என்று எண்ணுகிறோம். முப்பது ஆண்டு கைப்பழக்கத்துக்கு நம் அளவுகோலில் கோடே கிடையாது.

ஓர் எதிர்வாதம்

'எல்லோரையும் ஒரு படி உயர்த்தினால் பணத்துக்கு எங்கே போவது?' என்று கேட்பவர்கள் உண்டு. அதை வெறும் கருமித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொரு கமிஷனுக்குப் பின்னும் கடைநிலைச் சம்பளம் உயர்ந்தது உண்மை. அதே காலத்தில், காலியான கடைநிலைப் பதவிகளை நிரப்பாமல் விட்டு, அந்த வேலைகளை ஒப்பந்தத்துக்குக் கொடுப்பதும் பெருகியது உண்மை. உள்ளே இருப்பவரின் படி உயர்ந்தது. உள்ளே வரும் வாசல் குறுகியது. ஆகவே படியை மட்டும் உயர்த்தச் சொல்வது பாதி வைத்தியமே.

இதனால் நான் கொண்ட முடிவு இது. சிப்பந்திகளின் சம்பளத்தை மறுபரிசீலனை செய்பவர்கள் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும். இன்னின்ன அளவுள்ள பள்ளிக்கு எத்தனை சிப்பந்திகள் கட்டாயம் வேண்டும்? அவர்கள் செய்யும் வேலை எந்தப் படியைச் சேர்ந்தது? முதற் கேள்விக்கு விடை, ஆசிரியர் எண்ணிக்கையைப் போலவே கல்விச் சட்டத்தின் அட்டவணையில் ஏறவேண்டும். இரண்டாவதன் விடை வேலையை நிறுத்துப் பார்த்து வரவேண்டும். ஒன்றைவிட்டு மற்றொன்றைச் செய்தால், ஒன்று, ஆள் இருப்பார், கூலி இராது. அல்லது கூலி இருக்கும், ஆள் இரார்.

நண்பர்களே, நாம் கமிஷன் உறுப்பினர்கள் அல்லர். ஆனால் நம்மால் இயன்ற சிறு காரியம் ஒன்று உண்டு. நாம் தினமும் நுழையும் ஆய்வுக்கூடத்திலும் விடுதியிலும் வேலை செய்பவர்கள் யார், நிரந்தரமா ஒப்பந்தமா, எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள், என்னென்ன செய்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவர்கள் சம்மதித்தால் எழுதியும் வைக்கலாம். நாளை நம்மில் ஒருவர் தலைமையாசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ அமர்ந்து, 'இந்தப் பதவி தேவையா?' என்று கேட்கும் கோப்பு மேசைக்கு வரும்போது, பதில் எழுத அது உதவும்.

இந்தக் கட்டுரையை எழுதும் முன் சாச்சாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவருடைய வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். முதலில், "என்ன பெரிய வேலை, பேட்டா, புட்டி கழுவுவதுதான்" என்றார். நான் விடாமல் கேட்கக் கேட்க, ஒரு மணி நேரம் சொன்னார். என் குறிப்பேட்டில் ஏழு பக்கம் நிறைந்தது. அதில் 'புட்டி கழுவுதல்' ஒரு வரி.